பூட்ச்சுன்னு சொன்னேன், பூட்டினேன்னு எழுதிட்டாங்க

1

போன வாரம் தபாலில் ஒரு கனத்த கவர் வந்தது. என் மகள் செல்வி பிரித்துப் பார்த்து, ஒரு வரியின் மேல் விரலை வைத்து, "அம்மா, இங்க பாரு, உன் பேரு" என்றாள். எனக்கு இங்கிலீஷ் படிக்க வராது. ஆனால் பட்டம்மாள் என்பதை பாஸ்போர்ட்டில் எப்படி எழுதியிருக்கிறார்களோ அதே நீளத்தில் அதே எழுத்துகள் இருந்தன. அது கேமராவுக்கு எடுத்த இன்ஷூரன்ஸ் பேப்பர். கேமரா, லென்ஸ், ஃப்ளாஷ் எல்லாத்துக்கும் நம்பர் போட்டு எழுதியிருக்கிற தாளில், கடைசியாக நான்.

சந்தோஷப்படணும்தான். எனக்கு எரிச்சலாக வந்தது. இந்த ஒரு வரி போன பனிக்காலத்திலேயே இருந்திருந்தால் நாங்கள் இத்தனை பேஜார் பட்டிருக்க வேண்டாம். ஆரணியில் இருக்கிறவர்கள் ஃபோன் பண்ணும்போதெல்லாம், "கனடாவுல உனக்கு இன்னாக்கா குறை, ராணி மாதிரி உக்காந்துகினு இருக்கிற" என்கிறார்கள். உட்கார்ந்துகொண்டுதான் இருந்தேன். அதில்தான் வந்தது அத்தனையும்.

நான் அஞ்சாங் கிளாஸ் வரைக்கும் படித்தவள். புது ஆள் எதிரில் எனக்குப் பேச்சு வராது. எங்க வீட்டுக்காரர் ஆரணியில் ஃபோட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு எல்லாம் எடுப்பார். செல்வி அவரிடம் பழகினவள். அவர் தவறிப்போன பிறகு என்னை இங்கே டொராண்டோவுக்கு அழைத்துக்கொண்டாள். இங்கேயும் அதே தொழில்தான். சனி, ஞாயிறு ஆனால் தமிழ் ஆட்கள் கல்யாணம் எதுவாவது இருக்கும். மாப்பிள்ளை முரளி வாரத்தில் ஒரு குடோனில் வேலை செய்கிறார், கல்யாணத்துக்கு லைட்டு தூக்குகிறார். என்னையும் வேனில் ஏற்றிக்கொண்டு போவார்கள். வீட்டில் தனியாக விட்டால் அடுப்பை அணைத்தேனா இல்லையா என்று அவளுக்குக் கவலை.

2

அன்றைக்கு ஒரு மண்டபத்தில் ரிசப்ஷன். மண்டபம் என்றால் நம்ம ஊர் மாதிரி இல்லை, பெரிய கடை மாதிரி இருக்கும், எதிரில் கார் நிறுத்துகிற இடமே ஒரு ஏரி அளவுக்கு இருக்கும். பனி கொட்டிக்கொண்டிருந்தது. செல்வியும் முரளியும் முதலில் லைட்டையும் ஸ்டாண்டையும் உள்ளே கொண்டுபோனார்கள். கேமரா பை வேனின் பின்பக்கம் இருந்தது. "அம்மா, நீ வண்டியிலயே இரு, ஹீட்டர் ஓடட்டும், தோ வந்துர்றோம்" என்றாள். நான் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தேன். ஆள் இருக்கிற வண்டியை யார் பூட்டுவார்கள்? பூட்டவில்லை.

ஒருத்தன் வந்தான். நல்ல கோட்டு, கழுத்தில் டை. பின் கதவைத் திறந்தான். கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு, "சாரி" என்றான். குளிர்காற்று உள்ளே வந்ததற்குச் சொல்கிறான் என்று நினைத்தேன். "பரவால்ல" என்றேன். பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனான். அத்தனை மரியாதையாகக் கதவு சாத்துகிறவன் மண்டபத்து ஆளாகத்தான் இருப்பான், முரளி அனுப்பியிருப்பார் என்று இருந்துவிட்டேன்.

செல்வி திரும்பி வந்து பின்னால் பார்த்தாள். முன்னால் வந்து பார்த்தாள்.

"பை எங்கம்மா?"

"ஒருத்தர் எடுத்துகினு போனாரே. நீ அனுப்பல?"

அவள் பனியில் ஓடினாள். கொஞ்ச தூரம் ஓடிவிட்டு எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றாள். அந்தக் கல்யாணத்தை அவள் சிநேகிதி ஒருத்தியின் பழைய கேமராவைக் கேட்டு வாங்கி எடுத்து முடித்தாள். பெண்ணோட அம்மா நடுவில் வந்து, "முந்தானை பார்டர் தெரியிற மாதிரி எடுங்கோ பிள்ளை" என்றாராம். ஆரணியிலும் இதே பேச்சுதான். ஆல்பம் வந்தால் மூஞ்சியை அப்புறம்தான் பார்ப்பார்கள், சேலை ஜரிகை தெரிகிறதா என்று முதலில் பார்ப்பார்கள். அழுகையை அடக்கிக்கொண்டு பார்டரை எடுத்துக் கொடுத்தேன் என்று செல்வி வீட்டுக்கு வந்து சொன்னாள்.

போலீஸில் சொன்னோம். மரியாதையாக உட்கார வைத்து, எழுதிக்கொண்டு, ஒரு நம்பர் கொடுத்தார்கள். "இன்ஷூரன்ஸ் இருக்கும்மா, கவலைப்படாத" என்று செல்வி எனக்கே தைரியம் சொன்னாள்.

3

இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு ஃபோன் பண்ணினால் மனுஷன் எடுக்க மாட்டான். ஒன்றை அமுக்கு, இரண்டை அமுக்கு என்று ஒரு பொம்பளை சொல்லிக்கொண்டே இருப்பாள். அமுக்கினால் பாட்டு. பாட்டு கேட்டுக் கேட்டு என் பேத்தி திவ்யாவுக்கே அது மனப்பாடம், பல் விளக்கும்போது அதைத்தான் முணுமுணுப்பாள்.

திவ்யாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அவள் என்னை ஆயா என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஸ்கூலில் அவளோடு படிக்கிறது பாதிப் பேர் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள். அவர்கள் ஊரில் ஆயா என்றால் வேலைக்காரியாம். "உங்கட வீட்டில ஆயா எல்லாம் வச்சிருக்கிறீங்களோ" என்று சிரித்திருக்கிறார்கள். அன்றிலிருந்து நான் கிராண்ட்மா. ஒரு வார்த்தைக்கு இங்கே இத்தனை வேலை இருக்கிறது என்று அப்போதே எனக்கு உறைத்திருக்கணும்.

பை போனதை நேரில் பார்த்தவள் நான் ஒருத்திதான், அதனால் என்னிடம் பேசணும் என்றார்கள். பக்கத்தில் யாரும் இருந்து சொல்லிக்கொடுக்கக் கூடாதாம். செல்வியைச் சமையல் அறைக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். ஃபோனில் கம்பெனிக்காரர் ஒருத்தர், அவர் பேச்சை எனக்குத் தமிழில் சொல்ல ஒரு அம்மா. அந்த அம்மாவும் யாழ்ப்பாணம். நல்ல குரல், பதறாத பேச்சு.

"அம்மா, என்ன நடந்ததெண்டு ஆறுதலாச் சொல்லுங்கோ."

ஆறுதலாக என்றதும், என்னைத் தேற்றுகிறார் என்று நினைத்து, "பரவால்லம்மா" என்றேன். மெதுவாக என்று அர்த்தமாம். அப்புறம்தான் தெரியும்.

நான் சொன்னது ரொம்பச் சின்னது. "முன்னால நான் உக்காந்துகினு இருந்தேங்க. பின்னால பை பூட்ச்சு."

அந்த அம்மா அதை இங்கிலீஷில் சொன்னார். நான் சொன்னதை விட நீளமாக இருந்தது. கம்பெனிக்காரர், "ஓகே" என்றார். இன்னும் ஏதோ கேட்டார்.

"நிச்சயமாத்தானே சொல்றீங்கள்?"

"ஆமாங்க. பூட்ச்சு. என் கண்ணு முன்னாலதான்."

"தேங்க்யூ" என்றார் அவர். முடிந்தது. அத்தனை சுருக்கமாகப் பேசி முடித்ததற்கு எனக்கே பெருமையாக இருந்தது. செல்வி போட்டு வைத்த டீ ஆறக்கூட இல்லை.

4

இன்ஷூரன்ஸ் என்றாலே எங்க வீட்டுக்காரருக்கு ஆகாது. தொண்ணூறுகளில் எல்லாரும் வீடியோ கேட்க ஆரம்பித்தபோது அவர் பேங்க்கில் கடன் வாங்கி ஒரு வீடியோ கேமரா எடுத்தார். கடன் கொடுத்தவர்களே இன்ஷூரன்ஸ் போடச் சொல்லிப் போட்டதுதான். பெரணமல்லூரிலிருந்தெல்லாம் வந்து அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

ஒரு நாள் கண்ணமங்கலத்தில் கல்யாணம் எடுத்துவிட்டு பஸ்ஸில் ஏறியிருக்கிறார். முகூர்த்த நாள் கூட்டம். பையை மேலே வைத்துவிட்டு நின்றுகொண்டே வந்தவர், ஆரணியில் இறங்கும்போது பார்த்தால் பை இல்லை. ஸ்டேஷனுக்குப் போய், திருடு போய்விட்டது என்று எழுதிக் கொடுத்தார். ஸ்டேஷன் ரைட்டர் படித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"யார்னா எடுத்தத கண்ணால பாத்தியா?"

"பாக்கலீங்க."

"அப்புறம் திருட்டுன்னு எப்படி எழுதுற? காணோம்னு எழுதிக் குடு. ஜல்தி, ஐயா வந்துகினு இருக்காரு."

இவர் காணவில்லை என்று எழுதிக் கொடுத்தார். இன்ஷூரன்ஸ் ஆபீஸில், திருட்டு என்றால் கொடுப்போம், தொலைத்துவிட்டேன் என்றால் கொடுக்க மாட்டோம் என்றார்கள். மறுபடி ஸ்டேஷனுக்குப் போனால், "எழுதினது எழுதினதுதான்" என்றார்கள். கேமரா இல்லாமலே அந்தக் கடனை அடைத்தோம். அதற்கப்புறம் அவர் எதையும் இன்ஷூர் பண்ணவில்லை. பஸ்ஸில் போனால் பையின் வாரை மணிக்கட்டில் சுற்றிக்கொள்வார். "இதான் என் பாலிசி" என்று எல்லாரிடமும் கையைத் தூக்கிக் காட்டுவார்.

நான் அப்போது ஸ்டுடியோவில் ரசீது எழுதிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு வார்த்தையை மாற்றி எழுதினால் ஒரு கேமரா போய்விடுமா என்று எனக்குக் கோபம். நம்ம ஊர் அப்படித்தான் என்று நினைத்தேன். வெளிநாட்டில் ஒழுங்காக இருக்கும் என்று நினைத்தேன்.

5

கம்பெனியிலிருந்து பதில் வந்த அன்று செல்வி அதை நின்றபடியே படித்தாள். அப்புறம் உட்கார்ந்து படித்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"ஏம்மா பூட்டினேன்னு சொன்ன?"

"எத?"

"வேன. நீ கொஞ்ச நேரம் உக்காந்திருந்தியாம், அப்புறம் வேனைப் பூட்டிட்டுப் போயிட்டியாம். உன் கண்ணு முன்னால பூட்டினதுன்னு அடிச்சு சொன்னியாம்."

"நான் எங்கடி சொன்னேன்? என்கிட்ட சாவியே கிடையாது."

"ரெக்கார்டு பண்ணி வச்சிருக்காங்கம்மா! நான் பூட்டலன்னு எழுதிக் குடுத்துட்டேன். நீ பூட்டினேன்னு சொல்லிட்ட. பூட்டியிருந்தா கதவை உடைச்சிருக்கணும், உடைக்கல. அப்ப ரெண்டு பேர்ல ஒருத்தர் பொய் சொல்றோம்னு எழுதியிருக்கான்."

விஷயம் பணத்தோடு நிற்கவில்லை. பொய் சொல்லிப் பணம் கேட்டவள் என்று செல்வி பேரில் ஒரு குறி வைத்துவிடுவார்களாம். அந்தக் குறி இருந்தால் இந்த ஊரில் வேறு எந்தக் கம்பெனியும் அவளுக்கு இன்ஷூரன்ஸ் கொடுக்காது. இன்ஷூரன்ஸ் இல்லாதவளுக்கு வாடகைக் கேமரா கொடுக்க மாட்டார்கள், மாதத் தவணையில் புதுசும் கொடுக்க மாட்டார்கள். கேமரா இல்லாமல் கல்யாணத்துக்குப் போய் அவள் என்ன செய்வாள், அட்சதை போட்டுவிட்டு வருவாளா?

"பயத்துல வாய்க்கு வந்தது சொல்லிட்டியாம்மா? சொல்லு, நான் திட்டல."

திட்டியிருந்தால் கூடத் தேவலாம். சின்னப் பிள்ளையிடம் கேட்கிற மாதிரி மெதுவாகக் கேட்டாள். நான் சொன்னதை அப்படியே திரும்பச் சொன்னேன். முன்னால உக்காந்துகினு இருந்தேன், பின்னால பை பூட்ச்சு. செல்விக்கு அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. அவளும் ஆரணிதானே. "அப்ப எங்கதான் தப்பு நடந்துச்சு?" என்றாள். அவள் என்னை முழுசாக நம்பவில்லை என்று அந்த "அப்ப"விலேயே தெரிந்தது.

முரளிக்குப் பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். கட்டிக்கொண்ட புதிதில் எங்கள் பேச்சு அவருக்குப் பாதி புரியாது. அவர் சாப்பிட்டுக்கொண்டே, "அத்தை, இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார். சொன்னேன். தட்டில் கையை வைத்தபடி யோசித்துக்கொண்டிருந்தார். பிறகு, "எனக்கே முதல்ல பூட்டினதுன்னுதான் கேக்குது" என்றார்.

6

மறுபடி பேசணும் என்று கம்பெனியைக் கேட்க, அவர்கள் எழுதிக் கேள் என்று சொல்ல, எழுதினால் வரவில்லை என்று சொல்ல, திரும்பவும் அந்தப் பாட்டு. பனி கரைந்து, எதிர் வீட்டுக்காரர் புல் வெட்ட ஆரம்பித்த பிறகுதான் ஒரு நாள் குறித்துக் கொடுத்தார்கள். இந்தத் தடவை செல்வி பக்கத்தில் இருக்கலாம், வாய் திறக்கக் கூடாது. ஃபோனை எல்லாருக்கும் கேட்கிற மாதிரி மேஜை மேல் வைத்தோம். பார்த்தால் அதே யாழ்ப்பாணத்து அம்மா.

"அம்மா, முதல் தரம் நீங்கள் பூட்டினதெண்டு சொன்னனீங்கள். இப்ப இல்லையெண்டு சொல்றீங்களோ?"

"இல்லம்மா. பூட்ச்சுன்னு சொன்னேன்."

"ஓம், அதைத்தானே நானும் சொல்றன். பூட்டினது."

"பூட்டலம்மா. பூட்ச்சு."

"பூட்டேல்லையோ, பூட்டினதோ? ஒண்டைச் சொல்லுங்கோ அம்மா."

"பூட்டவும் இல்ல ஒண்ணும் இல்ல. பை பூட்ச்சும்மா, பூட்ச்சு!"

கம்பெனிக்காரர் இருமினார். நீங்கள் இரண்டு பேரும் என்ன பேசிக்கொள்கிறீர்கள் என்று கேட்டிருப்பார். செல்வி தலையில் கை வைத்துக்கொண்டாள். வாழ்க்கையில் பேசிப் பழகின ஒரே வார்த்தை செல்லாக்காசாகிவிட்டால் வேறு வார்த்தைக்கு எங்கே போவது? ஸ்கூலில் எழுந்து நின்று பாடம் வாசிப்போமே, அந்த ஞாபகம் வந்தது. பேச்சு வராத எனக்கு வாசிப்பு மட்டும் வரும். நான் நிஜமாகவே நாற்காலியை விட்டு எழுந்து நின்றேன். திவ்யா மாடிப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் வண்டியின் முன் பக்கத்தில் உட்கார்ந்து இருந்தேன். வண்டியின் பின் பக்கத்தில் இருந்த பை போய் விட்டது. ஒரு ஆள் அதை எடுத்துக்கொண்டு போய் விட்டான்."



"ஐயோ கடவுளே" என்றார் அந்த அம்மா. "போட்டுதோ! பை போட்டுதெண்டு சொல்லுங்கோவன் அம்மா!"

"போடலம்மா, நான் எதையும் கீழ போடல!"

செல்வி வாயைப் பொத்திக்கொண்டாள். அவர்கள் ஊரில் போய்விட்டது என்பதைத்தான் போட்டுது என்பார்களாம். எங்களுக்குப் போட்டது என்றால் கீழே போட்டது. இரண்டு பேரும் தமிழச்சிகள்தான். நடுவில் ஒரு வெள்ளைக்காரர் காத்துக்கொண்டிருக்கிறார்.

அப்புறம் அந்த அம்மா இங்கிலீஷில் பேசினார். செல்வி பின்னால் எனக்குச் சொன்னது இது. "தப்பு என் மேல். முன்னால், பின்னால் என்று அவர் சொன்னது வண்டியின் இடம். அதை நேரம் என்று எடுத்துக்கொண்டேன். போய்விட்டது என்றதைப் பூட்டினது என்று சொல்லிவிட்டேன். அவர் முதல் நாளும் இதையேதான் சொன்னார்." மூடி மறைத்திருக்கலாம், அவருக்கும் அது வேலைதானே. மறைக்கவில்லை. முகம் தெரியாத அந்த அம்மா மேல் இருந்த கோபம் எனக்கு அதோடு போய்விட்டது. கோபம் வைக்கக் கம்பெனிக்காரன் கிடைத்துவிட்டான்.

7

கம்பெனியின் கடைசிப் பதிலில், பொய் என்ற சந்தேகத்தை எடுத்துவிட்டோம் என்று இருந்தது. செல்வி பேரில் குறி இல்லை. அதைப் படித்துவிட்டு அவள் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

ஆனால் பணம் இல்லை. பூட்டின வண்டி என்றால் கதவு உடைந்திருக்கணும். பூட்டாத வண்டி என்றால் சாமானைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வண்டியில் இருந்திருக்கணும்.

"நான்தான் இருந்தேனே?" என்றேன்.

"இருந்தம்மா. ஆனா பேப்பர்ல என் பேரும் உன் மாப்பிள்ளை பேரும்தான் இருக்கு. உன்ன சும்மா கூட வந்தவங்கன்னு எழுதியிருக்கான். அதனால அது ஆளில்லாத வண்டியாம்."

இதற்கு யாரிடம் போய் எழுந்து நின்று வாசிப்பது? ஆரணியில் திருடனைப் பார்க்கவில்லை என்று கொடுக்கவில்லை. இங்கே திருடனை நேருக்கு நேர் பார்த்து, அவனுக்குப் பதிலும் சொன்னவளை ஆளே இல்லை என்று கொடுக்கவில்லை. எங்க வீட்டுக்காரர் இருந்திருந்தால் கையைத் தூக்கிக் காட்டியிருப்பார்.

செல்வி வேறு கம்பெனி பிடித்தாள். புதுக் கேமராவைத் தவணையில் எடுத்தாள். இன்ஷூரன்ஸ் எழுதும்போது, சாமானைப் பார்த்துக்கொள்கிற ஆட்கள் யார் யார் என்று கேட்ட இடத்தில் என் பேரையும் எழுதச் சொன்னாள். அதுதான் போன வாரம் வந்த கவர். திவ்யா அந்த வரியைப் பார்த்துவிட்டு, "கிராண்ட்மா, யூ ஆர் இன்ஷூர்ட்!" என்றாள். அவளுக்கு இப்போது ஒரு விளையாட்டு. கையுறை காணோம் என்றால் பூட்ச்சு, பஸ் போய்விட்டால் பூட்ச்சு. ஆரணித் தமிழில் அவளிடம் மிச்சம் இருக்கிறது அந்த ஒரு வார்த்தைதான். அதுவாவது இருக்கட்டும்.

இந்தச் சனிக்கிழமை ஒரு கல்யாணத்துக்குப் போனோம். செல்வி லைட்டை எடுத்துக்கொண்டு போகும்போது, "அம்மா, உள்ள இருந்து பூட்டிக்கோ" என்றாள். பூட்டிக்கொண்டேன். கொஞ்சம் தள்ளிப் போனவள் திரும்பி வந்து கைப்பிடியை இழுத்துப் பார்த்துவிட்டுப் போனாள். என் மேல் நம்பிக்கை வந்துவிட்டது என்று நான் நினைத்தது அதோடு சரி.

கேமரா பை என் மடியில் இருந்தது. வாரை மணிக்கட்டில் சுற்றியிருந்தேன். பட்டு வேட்டி கட்டின ஒரு பெரியவர், கையில் பழத்தட்டோடு வந்து பின் கதவை இழுத்தார். திறக்கவில்லை. மறுபடி இழுத்தார். நான் கண்ணாடியை இறக்கினேன்.

"யாருங்க அது? கைய எடுங்க!"

அந்தக் குரல் எனக்குள் எங்கே இருந்தது என்று தெரியவில்லை. மண்டபத்து வாசலில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் மாப்பிள்ளையோட சித்தப்பாவாம். தன்னுடைய வேன் என்று நினைத்து வந்துவிட்டார். இரண்டும் வெள்ளை வேன். தட்டிலிருந்து ஒரு ஆரஞ்சுப்பழம் உருண்டு ஓடியது.

அவர் பதறிப்போய், "சாரி அம்மா, சாரி" என்றார்.

நான் பரவால்ல என்று சொல்லவில்லை.